‘ஒன் மினிட்!’

அழைப்பிதழில் 11 மணி என்று போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை முடிந்து, பொன்னாடைகள் போர்த்தி, எங்கள் அமர்வு மேடையேறியபோது மணி 11.25. 12 மணிக்குச் சாப்பாடு. அதை மட்டும் தமிழ்நாட்டில் யாராலும் தள்ளிவைக்க முடியாது. மேடையில் ஐந்து பேர். கையில் 35 நிமிடம். கேள்வி நேரத்துக்குப் பத்து நிமிடம் எடுத்துவைத்தால் தலைக்கு ஐந்து. நெறியாளரான எனக்கு மிச்சம் பூஜ்யம்.

“கேள்வி கேட்பதுதானே சார் உங்க தொழில், மேடையில் உட்கார்ந்து கேளுங்க” என்று சொல்லித்தான் பல வருடங்களுக்கு முன் முதன்முதலில் கூப்பிட்டார்கள். போன பிறகுதான் தெரிந்தது, இது வேறு தொழில். பேட்டியில் ஒருவர் சுற்றிவளைத்துப் பேசினால், அலுவலகம் வந்து நாலு வரியாகச் சுருக்கிவிடலாம். மேடையில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கத்தரி போட வேண்டும். அதுவும் சிரித்த முகத்தோடு.

நெறியாளர் என்றதும் நமக்குப் பட்டிமன்ற நடுவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். நடுவருக்கு மணி உண்டு, நகைச்சுவை உண்டு, கடைசியில் தீர்ப்பும் உண்டு. சாலமன் பாப்பையா என்ன சொல்லப்போகிறார் என்று கூட்டம் காத்திருக்கும். நெறியாளரின் தீர்ப்பு யாருக்கும் தேவையில்லை. அவர் கையில் இருப்பது நேரம் மட்டுமே. அதை எப்படிப் பங்கிடுகிறார் என்பதில்தான் அவருடைய நடுநிலை இருக்கிறது.

இதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் பாடம் ஒன்று டாவோஸில் நடந்தது. 2009 ஜனவரி 29, உலகப் பொருளாதார மன்றக் கூட்டம். காஸாவில் அப்போதுதான் சண்டை ஓய்ந்திருந்தது. மேடையில் இஸ்ரேல் அதிபர் ஷிமோன் பெரெஸ், துருக்கியின் அன்றைய பிரதமர் எர்டோகன், ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன், அரபு லீக்கின் அம்ர் மூஸா. நெறியாளர், வாஷிங்டன் போஸ்ட் பத்தி எழுத்தாளர் டேவிட் இக்னேஷியஸ். கடைசியாகப் பேசிய பெரெஸ், எர்டோகன் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்திப் பேசினார். நேரம் தாண்டிவிட்டது. இக்னேஷியஸ் அமர்வை முடிக்கப் பார்த்தார். எர்டோகன் “ஒன் மினிட்!” என்றார். ஒரு முறையல்ல, திரும்பத் திரும்ப. பேச ஆரம்பித்தவரின் தோளில் நெறியாளர் கையை வைத்துத் தடுக்கப் பார்க்க, அவர் இன்னும் கொதித்தார். பெரெஸுக்கு 25 நிமிடம், தனக்கு 12 நிமிடம் என்று கணக்குச் சொல்லிவிட்டு, இனி டாவோஸுக்கு வரமாட்டேன் என்று எழுந்து போனார். இஸ்தான்புல் விமான நிலையத்தில் அந்த இரவிலேயே ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரவேற்றார்கள். ‘ஒன் மினிட்’ துருக்கியில் ஒரு முழக்கமாகவே ஆகிவிட்டது.

அரசியலை விடுங்கள். எங்கள் தொழிலின் கண்ணோடு பார்த்தால் தவறு கடைசி நிமிடத்தில் நடக்கவில்லை. ஒருவர் தன் பங்கைத் தாண்டிப் பேசும்போது விட்டுவிட்டு, மறுமொழி சொல்ல வந்தவரிடம் கடிகாரத்தைக் காட்டியதுதான் தவறு. முதல் ஆளிடம் காட்டும் தாட்சண்யத்தின் கடனைக் கடைசி ஆள்தான் அடைக்கிறார்.

தாட்சண்யம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் காசிலிருந்து. விழா நடத்துபவர் பணம் தருகிறார். அவருக்குப் பணம் தருபவர் மேடையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். “எம்.டி. கொஞ்சம் கூடப் பேசுவார் சார், கண்டுக்காதீங்க” என்று முதல் நாளே தொலைபேசி வந்துவிடும். அதனால் இரண்டு விதி வைத்திருக்கிறேன். நான் செய்தி எழுதும் துறையின் மாநாட்டில் காசு வாங்குவதில்லை. ஐந்து பேரையும் முன்னாலேயே கூப்பிட்டு, நாலாவது நிமிடம் என் சீட்டு வரும், ஐந்தாவது நிமிடம் என் குரல் வரும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாவது விதியால் சில இடங்களில் மறுபடி கூப்பிடுவதில்லை. பரவாயில்லை. பணம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அந்த 35 நிமிடமும் காலையில் பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருடையது.

அன்றைக்கு எம்.டி.க்கும் நாலாவது நிமிடம் சீட்டுப் போனது. படித்துப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார். ஐந்தாவது நிமிடம் என் குரல் போனது. முகம் சிவந்தாலும் நிறுத்திவிட்டார். எடுத்துவைத்த பத்து நிமிடமும் கேள்விக்கு அப்படியே மிஞ்சியது.

ஆனால் முதலில் மைக்கை வாங்கிய பெரியவர், “கேள்வி இல்ல தம்பி, ஒரு சின்ன கருத்து” என்று ஆரம்பித்து ஆறு நிமிடம் பேசினார். பின்வரிசையில் கை தூக்கிக்கொண்டே இருந்த கல்லூரி மாணவிக்கு மைக் போகவேயில்லை. எம்.டி.யை நிறுத்தத் தெரிந்த எனக்கு அவரை நிறுத்த வாய் வரவில்லை. அந்தத் தவறு என் கணக்கில்தான். இருந்தாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை மைக் உங்கள் கைக்கு வந்தால், கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள். பின்னால் ஒரு கை தூக்கியபடியே இருக்கும்.