வண்டியையும் சோதிங்க பாஸ்!

பாத்திரம் கழுவும்போது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிச்சு இழுக்குறது சர்ஃபாக்டன்ட். தண்ணீரில் கரையாத மருந்துக்கும் அதே டெக்னிக்தான்: நானோ அளவு மிசெல்லுக்குள் மருந்தைப் பொதிந்து ரத்தத்தில் அனுப்பலாம். செம ஐடியா!

ஆனா, 1992-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புற்றுநோய் மருந்து டாக்சாலைப் பாருங்க. அதைக் கரைக்கச் சேர்த்த கிரெமோஃபோர் என்ற சர்ஃபாக்டன்டே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பியது. அதனால் மருந்து ஏற்றும் முன்பே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியதாச்சு. 2005-ல் வந்த அப்ராக்சேன், கிரெமோஃபோரைக் கைவிட்டு அல்புமின் புரதத்தில் மருந்தை ஏற்றியது.

நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவில் "எத்தனை சதவீதம் மருந்து உள்ளே போச்சு?" என்பதோடு கேள்வி முடிஞ்சுடுது. மருந்தே இல்லாத வெறும் கேரியரைச் செல்கள் மேல் சோதிச்சீங்களா என்றும் கேட்கணும். சரக்கோடு சேர்ந்து வண்டியும் உடம்புக்குள்ளதானே போகுது?