அச்சுக் குத்தும் நேரம் வீணா?

பத்தாம் வகுப்பில் காலடி எடுத்து வைத்ததும் முதலில் எங்கள் கையை விட்டுப் போனது கைத்தொழில் வகுப்புதான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை கணிதத்துக்கு அளிக்கப்பட்டது. அரசுத் தேர்வு நெருங்கும்போது துணியில் அச்சுக் குத்திக்கொண்டிருக்க நேரம் ஏது என்று பெற்றோர் பலரும் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்த 40 நிமிடத்தில் நாங்கள் பெற்றது என்ன என்பதைச் சொல்லிவிட்டால், பெரியவர்கள் வேறு விதமாகவும் எண்ணக்கூடும் அல்லவா?

அச்சுக் குத்துவது பார்வைக்கு எளிது. மேசைமேல் கோணியும் பழைய கம்பளியும் விரித்து, அதன்மேல் துணியைச் சுருக்கமின்றி இழுத்துக் குண்டூசியால் நிறுத்த வேண்டும். பக்கத்தில் ஒரு தட்டில் சாயம் ஊறிய ஸ்பாஞ்சு. தேக்குக் கட்டையை அதில் இருமுறை தொட்டு, துணியில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு தட்டு. அவ்வளவுதான். ஆனால் கட்டையின் மூலை, முன்பு குத்திய அச்சின் ஓரத்தோடு மயிரிழை பிசகாமல் சேர வேண்டும். புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் கோலம் முழுவதும் கோணுவதுபோல, இங்கே ஒரு வரிசை சாய்ந்தால் அடுத்தடுத்த வரிசைகளும் சாயும். அழிக்க ரப்பர் கிடையாது.

27 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் உள்ள தலையணை உறையை 3 அங்குலச் சதுரக் கட்டையால் நிரப்ப 54 முறை குத்த வேண்டும். இரண்டு நிறமென்றால் 108. (கணித ஆசிரியை சரிபார்த்துக்கொள்ளலாம்!) முதல் பத்து அச்சு வரை எங்கள் பேச்சு ஓயாது. பிறகு தானாக அடங்கிவிடும். யாரும் ‘சைலன்ஸ்’ என்று அதட்டுவதில்லை. தொடுவது, வைப்பது, தட்டுவது; அந்த ஓசை மட்டுமே கேட்கும். மாதத் தேர்வு மதிப்பெண், வீட்டுக் கவலை, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பேருந்துக்குக் காத்து நின்ற எரிச்சல் எல்லாம் எங்கோ போய்விடும். அது தூக்கமன்று, மனம் விழித்தபடியே இளைப்பாறுகிறது. இதை நாங்கள் வேறு எந்தப் பாடவேளையிலும் கண்டதில்லை.

“இயந்திரம் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மீட்டர் அச்சிட்டுத் தள்ளுகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கட்டை பிடிக்கலாமா?” என்று ஒரு தோழியின் தந்தையார் சிரித்தாராம். உண்மைதான், துணி வேண்டுமென்றால் இயந்திரம் போதும். நாங்கள் கேட்பது துணியையன்று.

மேலும், இது நமக்கு அந்நியமான தொழிலுமன்று. 1639-இல் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்றதே இக்கரையின் துணிகளுக்காகத்தான். 1734-இல் நெசவாளரும் நூல் நூற்போரும் சாயம் தீட்டுவோரும் குடியிருக்கச் சிந்தாதிரிப்பேட்டை எழுந்தது. துணி வெளுத்தவர்களால் வண்ணாரப்பேட்டை பெயர் பெற்றது. பாட்டிமார் ‘சீட்டித் துணி’ என்பார்களே, அத்தகைய பூத்துணிகள் கடல் கடந்து போய் அந்நாட்டு நெசவாளரைக் கலங்க வைத்தன. பிரான்சு 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1721-இல் சட்டம் போட்டது. ஒரு பூப்போட்ட துணிக்கு இத்தனை பயமா!

அக்கலை அழிந்துவிடவில்லை. ஆந்திரத்தில் மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் இன்றும் கட்டை அச்சு நடக்கிறது. அந்த முறையைக் கேட்டபோது வியந்தோம். கடுக்காயும் பாலும் சேர்ந்த நீரில் ஊறி உலர்ந்த துணியில் படிகாரக் கரைசலைத் தொட்டு அச்சுக் குத்துவர். அப்போது நிறம் சரியாகத் தெரியாது. சிவப்புச் சாயம் கொதிக்கும் அண்டாவில் துணியை இட்டு அலசிய பின், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும். படிகாரத்தை இரண்டு மதிப்பெண் வினாவுக்காகப் படித்ததைவிட இது எங்கள் மனத்தில் நன்றாகத் தங்கிவிட்டது.

எனவே தலைமையாசிரியைச் சகோதரி அவர்களிடமும் பெற்றோரிடமும் எங்கள் பணிவான வேண்டுகோள் இதுதான். வாரந்தோறும் வேண்டாம், 15 நாளுக்கு ஒரு பாடவேளை போதும். அதற்கு ஈடாகக் காலையில் முன்னதாக வந்து கணிதம் போடச் சொன்னால், ஆவடியிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் உட்பட எவரும் முணுமுணுக்க மாட்டார்கள். எங்களுக்கு இனிக் காலமில்லை, தேர்வு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கையருக்காவது அந்த நேரம் கிடைக்கட்டும். கட்டைகள் 14-ஐயும் பழைய பிரஷ்ஷால் சாயம் போகத் தேய்த்து, எண்ணெய் தடவி, புடவைத் துணியில் சுற்றித் தையல் அறை பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம்.