மறைக்க ஒன்றுமில்லை என்பவர்களுக்கு

கற்பிட்டி முனையிலிருந்து வென்னப்புவை வரை, இந்தக் கரையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஒரே பதில்தான் வருகிறது: “நான் என்ன களவெடுத்தேனா, கஞ்சா கடத்தினேனா? என்னட்ட மறைக்க என்ன இருக்கு?” போனில் இந்தச் செயலிக்கு ஏன் இருப்பிடம் பார்க்க அனுமதி கொடுத்தீர்கள் என்று கேட்டாலும் இதுதான் பதில். கேட்ட இடத்திலெல்லாம் அடையாள அட்டையின் போட்டோ கொப்பியை ஏன் நீட்டுகிறீர்கள் என்று கேட்டாலும் இதுதான். மீன் வாடிக்காரர் சொல்கிறார், ஆசிரியர் சொல்கிறார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவரும் சொல்கிறார். நேர்மையாக வாழ்கிறவர்கள் சொல்வதாலேயே இந்தப் பேச்சுக்கு ஒரு மரியாதை கிடைத்துவிட்டது. அந்த மரியாதைக்கு அது தகுதியானதல்ல. வேறு ஊரார் சொன்னால் தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டுவிடலாம். புத்தளம் மாவட்டத்தார் வாயிலிருந்து கேட்கும்போது மனம் ஆறவில்லை.

2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று வாரம். சிலாபத்தில் கடை வைத்திருந்த ஒருவர், முஸ்லிம்களை இழித்து பேஸ்புக்கில் வந்த ஒரு பதிவுக்கு, அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழ நேரும் என்ற கருத்தில் ஒரு வரி பதில் போட்டார். அந்த வரி அதற்கு முன்னால் இருந்த பேச்சிலிருந்து கத்தரிக்கப்பட்டு, ஸ்கிரீன்ஷொட்டாகப் போனுக்குப் போன் பாய்ந்தது. அடுத்த தாக்குதலுக்கான மிரட்டல் என்று அதை வாசித்தார்கள். கூட்டம் திரண்டது. பள்ளிவாசல்களுக்கும் முஸ்லிம் கடைகளுக்கும் கல் விழுந்தது. பொலிஸ் ஊரடங்குச் சட்டம் போட்டது, எழுதியவரைக் கைது செய்தது. மறுநாள் கலவரம் குளியாப்பிட்டி, ஹெட்டிபொல, மினுவாங்கொடை என்று பரவியது. நம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தச்சர் தாக்கிக் கொல்லப்பட்டார். அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியும் இதை நிறுத்த முடியவில்லை.

அந்தக் கடைக்காரரிடம் மறைக்க என்ன இருந்தது? ஒன்றுமில்லை. சொந்தப் பெயரில், நாலு பேர் பார்க்க எழுதினார். கொட்டாரமுல்லைத் தச்சரோ அந்த வரியை எழுதியவரே அல்லர். ‘மறைக்க ஒன்றுமில்லை’ என்கிறவர்கள் தங்களை அறியாமலே ஒன்றை நம்புகிறார்கள்: நம்மைப் பற்றி விழுந்து கிடக்கும் தடயங்களை வாசிக்கப் போகிறவர் நம்மைத் தெரிந்தவராக, நிதானமானவராக, நல்லெண்ணம் உள்ளவராக இருப்பார் என்று. அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. வாசிப்பவரை நாம் தெரிவு செய்வதில்லை. எப்போது வாசிக்கப்படும் என்பதும் நம் கையில் இல்லை. குண்டுவெடிப்புக்கு முதல்நாள், ஏப்ரல் 20ஆம் தேதி, அதே வரியை அவர் எழுதியிருந்தால் யாரும் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் பேஸ்புக்கில் எழுதுவதே இல்லை என்கிறவர், தயவுசெய்து உங்கள் அடையாள அட்டையைக் கையில் எடுங்கள். பழைய அட்டையானால் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதைச் சொல்கின்றன. பெண்ணானால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 82574 என்று ஓர் எண் தொடங்கினால் அது 1982இல் பிறந்த ஒரு பெண்ணுடையது. 574இல் 500 போனால் 74. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ணுவதால், அவர் பிறந்தது மார்ச் 14. 2016இலிருந்து வரும் 12 இலக்க எண்ணில் ஆண்டை நான்கு இலக்கமாக முழுதாய் எழுதுகிறார்கள்; மற்றக் கணக்கு அதேதான். இதை வாசிக்க எந்தக் கணினியும் வேண்டாம். ஒரு கடதாசித் துண்டும் பென்சிலும் போதும்.

இந்த எண்ணை நாம் எங்கெல்லாம் விட்டு வந்திருக்கிறோம்? சிம் வாங்கிய கடையில், லொட்ஜ் பதிவேட்டில், நகை அடகு வைத்த இடத்தில், கந்தோர் வாசலில் காவலாளி நீட்டும் கொப்பியில். 2020 ஊரடங்கில் எந்த நாளில் வீட்டுக்கு வெளியே போகலாம் என்பதை இந்த எண்ணின் கடைசி இலக்கம் தீர்மானித்தது. 2022இல் பெற்றோல் வரிசையில் கியூஆர் குறியீடு எடுக்க இதையே வாகன எண்ணோடு பதிந்தோம். வெளிநாடு போக ஏஜென்சிக்காரருக்கு இதன் படத்தைக் கடவுச்சீட்டின் படத்தோடு சேர்த்து வட்ஸ்அப்பில் அனுப்பிய பெண்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அந்தப் படங்கள் இப்போது யாருடைய போனில் இருக்கின்றன என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

பிறந்த தேதியால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் லத்தன்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்பது, வீட்டின் அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்து அந்நாட்டு மக்களில் 87 சதவீதமானோரைத் தனித்து இனங்காண முடியும் என்று 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். அதற்கு முன்பே அவர் இன்னொன்று செய்திருந்தார். பெயர்களை நீக்கிவிட்டோம், பயமில்லை என்று சொல்லி வெளியிடப்பட்ட மருத்துவப் பதிவுகளை எடுத்தார். 20 டொலர் கொடுத்து ஒரு நகரத்தின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். இரண்டையும் ஒப்பிட்டு மாசச்சூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே தேடிப் பிடித்தார். நம் அடையாள அட்டை எண் இந்த மூன்றில் இரண்டைத் தானே சொல்லிவிடுகிறது. மூன்றாவது ஊர்ப்பெயர். ஒரு கிராம சேவகர் பிரிவில் ஒரே ஆண்டு, ஒரே நாளில் பிறந்த பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதே நம்பிக்கைக்கு ஒரு தங்கை உண்டு. இளைஞர்களிடம் அதிகம் கேட்பது: “நான் வேறு பெயரில்தான் அக்கவுண்ட் வைத்திருக்கிறேன், யாருக்குத் தெரியும்?” பெயர் மாறியிருக்கலாம். அந்தக் கணக்கைத் திறக்கக் கொடுத்த போன் எண் உங்கள் அடையாள அட்டையில் பதிந்தது. அந்த எண் மச்சானின் போனிலும், பழைய வகுப்பு நண்பர்களின் போனிலும், கடன் கொடுத்தவர் போனிலும் இருக்கிறது. அவர்கள் தங்கள் தொடர்புப் பட்டியலைப் பேஸ்புக்குக்குக் கொடுத்துவிட்டால், ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று அவர்கள் திரையிலேயே உங்கள் பொய்ப்பெயர் வந்து நிற்கக்கூடும். வட்ஸ்அப் குழுவில் சேர்ந்த கணத்தில் முகம் தெரியாத இருநூறு பேருக்கு உங்கள் எண் தெரிந்துவிடுகிறது. செய்தி மறைகுறியாக்கப்பட்டதுதான், உண்மை. ஆனால் யார், யாரோடு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்பது செய்தியின் உள்ளே இருப்பதல்ல. அது வெளியே இருக்கிறது. ஒரு இளம்பெண் நள்ளிரவில் எந்த எண்ணோடு தொடர்பில் இருந்தாள் என்று தெரிந்தால், என்ன பேசினாள் என்பதை இந்த ஊரில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை.

கற்பிட்டிக் கடலில் தொழில் செய்கிற ஒருவர், மீன் நிற்கும் பாரை எளிதில் இன்னொருவருக்குக் காட்டிக் கொடுக்க மாட்டார். ஜீபீஎஸ் கருவியில் குறித்து வைத்த புள்ளிகளைக் கூடப்பிறந்தவனிடம்கூடக் காட்டத் தயங்குவார். அவரே போனில் டோர்ச் செயலி ஒன்றை இறக்கி, அது கேட்ட இருப்பிட அனுமதியைப் பார்க்காமலே அழுத்திவிடுவார். 2013இல் வெளியான ஓர் ஆய்வு 15 இலட்சம் பேரின் பதினைந்து மாத கைபேசி இருப்பிடத் தரவுகளை, பெயர் எதுவும் இல்லாமல், எடுத்துப் பார்த்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு புள்ளிகள் கிடைத்தால் அவர்களில் 95 சதவீதமானோரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்று கண்டது. இரவு தூங்கும் வீடு, விடியற்காலை இறங்கும் துறை, வெள்ளிக்கிழமை தொழும் பள்ளி, பிள்ளையைக் கொண்டுபோகும் கிளினிக். நம் எவருக்கும் இந்த நான்கும் ஒன்றுபோல இருக்காது.

இந்தக் கரையை நேராகத் தொடுகிற சம்பவம் ஒன்று உண்டு. இங்கே அதைப் பற்றிப் பேசுவார் இல்லை என்பதுதான் எனக்கு வேதனை. 2012, 2013 காலத்தில் சிலாபம், நீர்கொழும்புக் கரைகளிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகேறியவர்களை எல்லோருக்கும் தெரியும். தமிழர் போனார்கள், சிங்களவர் போனார்கள், முஸ்லிம்கள் போனார்கள். 2014 பெப்ரவரியில் அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் தடுப்பில் இருப்பவர்கள் பற்றிய வழக்கமான புள்ளிவிவர அறிக்கை ஒன்றை இணையத்தில் ஏற்றியது. கண்ணுக்குத் தெரிந்தது எண்ணிக்கைகளும் வரைபடங்களும் மட்டும். ஆனால் அந்த வரைபடத்தைச் செய்யப் பயன்பட்ட அட்டவணை முழுவதும் ஆவணத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதைத் திறக்கத் தெரிந்தவருக்கு, தடுப்பில் இருந்த ஒன்பதாயிரத்து இருநூறுக்கு மேற்பட்டோரின் பெயர், பிறந்த தேதி, எந்த நாட்டவர், எப்போது படகில் வந்தார், எங்கே அடைக்கப்பட்டிருக்கிறார் என்ற விவரங்கள் எல்லாம் கிடைத்தன. பத்திரிகை ஒன்று கண்டுபிடித்துச் சொல்லும்வரை அது ஒரு வாரத்துக்கு மேல் பொதுவெளியில் கிடந்தது.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எந்த அரசுக்குப் பயந்து ஓடினார்களோ அந்த அரசின் அதிகாரிகளும் வாசிக்கக்கூடிய இடத்தில் அந்தப் பட்டியல் கிடந்தது. புகலிடம் மறுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டால், கட்டுநாயக்கவில் இறங்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தன்னைப் பற்றி என்ன தெரியும் என்பது திரும்பி வருகிறவருக்குத் தெரியாது. அவர்கள் குற்றம் செய்து மறைத்தவர்கள் அல்லர். பாதுகாப்புக் கேட்டு, கேட்ட விவரங்களையெல்லாம் ஒளிக்காமல் கொடுத்தவர்கள். ஏழு வருடம் கழித்து, 2021இல், அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் இது அந்தரங்க உரிமை மீறல் என்று தீர்த்து, முறைப்பாட்டில் பங்கேற்றுப் பாதிப்பைக் காட்டியவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னார். வெளியே போன பெயரை எந்தத் தீர்ப்பும் உள்ளே கொண்டுவராது.

பட்டியல் என்ன செய்யும் என்பதை இந்த நாட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தக் கரைக்குத்தான். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்கள். அவர்களை விரட்டியவர்களுக்கு அவர்களுடைய குற்றம் தேவைப்படவில்லை, அவர்கள் யார் என்று தெரிந்தால் போதுமாயிருந்தது. 1983இல் கையில் இருந்த அந்த வாக்காளர் பட்டியலும் வாக்களிப்பதற்காகத்தான் தயாரிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக முதல் ஊரடங்கு இந்தக் கரையோரத்தில் விழுந்தபோது, இத்தாலியிலிருந்து காசு வரும் வீடு என்று ஊர் மெச்சிய அதே வீட்டைப் பார்த்து ஊர் பயந்தது. தகவல் மாறவில்லை, பார்த்தவர்களின் மனம்தான் மாறியது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். குற்றவாளிகளைப் பிடிக்க அரசுக்குத் தகவல் வேண்டாமா? வேண்டும். சந்தேகத்துக்கு ஆதாரம் காட்டி, நீதிமன்றத்திடம் கேட்டு எடுக்கட்டும். ஆனால் எல்லோரையும் எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதுகாப்பு வரும் என்பதை நான் ஏற்கமாட்டேன். 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில், நம் மாவட்டத் தென்னந்தோட்டம் ஒன்றில், பெருந்தொகை வெடிபொருட்களைப் பொலிஸ் கண்டுபிடித்தது. ஏப்ரல் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. எல்லாம் தெரிந்திருந்தும் ஏப்ரல் 21 நடந்தது. கிடைத்த புலனாய்வுத் தகவலின்மேல் நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அன்று குறைவாக இருந்தது கடமையுணர்வு. சாதாரண சனங்களின் போன் விவரம் குறைந்ததால் அல்ல அந்தத் தாக்குதல் நடந்தது.

சட்டம் காப்பாற்றும் என்று இருக்கவும் முடியாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறிவிட்டது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டியவை, தள்ளிப் போடப்பட்டன. 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் வந்த, நாம் எழுதுவதைக் கண்காணிக்க வழி திறக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 2024 ஜனவரியில் இரண்டு நாள் விவாதத்தில் நிறைவேற்றி, பெப்ரவரி முதலாம் தேதியே சபாநாயகர் கையெழுத்திட்டுவிட்டார். இப்போது கைரேகையும் முகப்பதிவும் சேர்ந்த டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. நம்மைக் காக்கும் சட்டம் முழுதாக இயங்கத் தொடங்கும் முன் அந்தப் பதிவுகள் சேகரிக்கப்படக் கூடாது என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டவர் எத்தனை பேர்?

ஊருக்குள் செய்யக்கூடியதற்குப் பாராளுமன்றம் தேவையில்லை. நிவாரணம், சகாத், புலமைப்பரிசில், மீனவர் சங்க மானியம் என்று எந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டினாலும், வட்ஸ்அப் குழுவில் போட்டாலும், முழு அடையாள அட்டை எண்ணையும் விலாசத்தையும் சேர்த்து எழுதுவதை இன்றே நிறுத்தலாம். பிறந்த நாளும் ஆண் பெண்ணும் எண்ணின் முன்பகுதியில் இருக்கின்றன. பெயரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் எழுதினால் உரியவர் தன்னைக் கண்டுகொள்வார், மற்றவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. பழைய பட்டியல்களைக் குழுவிலிருந்து அழிக்கும் வேலையை நிர்வாகிகள் இந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, ஞாயிறு பூசை முடிந்து உட்கார்ந்து செய்துவிடலாம்.