கர்ப்பிணியின் தட்டைப் பார்க்கிறோம். அவள் சுவாசிக்கும் காற்றை?

கடந்த மாதம் மகளைக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். நிறை பார்த்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், மாத்திரைகளும் திரிபோஷாவும் கொடுத்தார்கள். எல்லாம் அவசியமானவையே. ஆனால் "வீட்டில் எதில் சமைக்கிறீர்கள்?" என்று யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதுவரை நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

பிறக்கும்போது 2500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது நிறை குறைந்த குழந்தை. தாயின் போசாக்கின்மை, இரத்தச்சோகை, குறைமாதப் பிரசவம் ஆகிய காரணங்களை நாம் அறிவோம். காற்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. புகையிலுள்ள நுண்துணிக்கைகள் நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. காபனோரொட்சைட்டு தாயின் இரத்தம் சுமக்கும் ஒட்சிசனைக் குறைக்கிறது. அந்த இரத்தத்தை நம்பித்தான் சிசு வளர்கிறது.

2008 ஒலிம்பிக் போட்டிக்காக பெய்ஜிங்கில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வாகனங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. அந்த நாட்களில் எட்டாம் மாதத்தில் இருந்த தாய்மாரின் குழந்தைகள், முந்தைய, பிந்தைய ஆண்டுகளில் அதே காலத்தில் பிறந்தவர்களைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல் நிறையுடன் பிறந்தனர். ஒரு குழந்தைக்கு இது சிறிய எண். ஒரு நகரத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் என்றால் சிறியதல்ல.

அப்படியானால் எரிவாயு அடுப்பைக் கொடுத்தால் போதுமா? தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய இடங்களில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்தார்கள். 2022இல் முடிவு வெளியானது. எரிவாயு பெறாத தாய்மார் சுவாசித்த நுண்துணிக்கை கன மீற்றருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராமாக இருக்க, எரிவாயு பெற்றவர்களுக்கு அது 24 ஆகக் குறைவாக இருந்தது. ஆனால் பிறப்பு நிறையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதைக் காட்டி "புகை பிரச்சினையே இல்லை" என்று சொல்லிவிட முடியாது. உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம்தான். 24 என்பது அதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அடுப்பும் கர்ப்பம் தரித்து ஒன்பது வாரங்களுக்குப் பிறகே கிடைத்தது. என் கணிப்பில் பாடம் இதுதான்: ஒரு வீட்டின் அடுப்பை மட்டும், அதுவும் தாமதமாக மாற்றுவது போதாது. தெருவின் காற்றும் சேர்ந்து மாற வேண்டும்.

நம் நாட்டில் 2022இல் எரிவாயு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்கள் விறகுக்கு மாறின. அன்று குசினியில் புகையைச் சுவாசித்தவர்கள் நம் உம்மாக்களும் சகோதரிகளும்தான். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. கர்ப்பிணிகளுக்கான போசாக்குக் கொடுப்பனவைப் போல எரிபொருளுக்கும் ஓர் உதவியை அரசாங்கம் யோசிக்க வேண்டும். உள்ளூராட்சி சபைகள் குப்பை எரிப்பதைத் தடுக்க வேண்டும்.

நம் கையில் உள்ளதும் குறைவல்ல. விறகடுப்புதான் வழி என்றால் புகைபோக்கி வைப்போம், யன்னலைத் திறப்போம், சமையலை வேறொருவர் பொறுப்பேற்போம். வீட்டுக்குள் சிகரெட் வேண்டாம். கர்ப்பிணியும் பச்சிளங்குழந்தையும் இருக்கும் மூடிய அறையில் சாம்பிராணிப் புகையும் நுளம்புச் சுருளும் வேண்டாம்.

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வரும் மகளுக்கு எதைச் சாப்பிடக் கொடுப்பது என்று ஊரே ஆலோசனை சொல்கிறது. அவள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறாள் என்றும் இனிக் கேட்போம்.