உண்டியலில் போட்டால் நியாயமாகிவிடுமா?

ஆடித் தபசுக் கூட்டத்தில் சங்கரன்கோவில் சாப்பாட்டுக் கடைகளில் சர்வர்களுக்கு உட்கார நேரமிருக்காது. இலை போட்டு, தண்ணீர் வைத்து, “இன்னும் குழம்பு ஊத்தட்டுமாண்ணே?” என்று கேட்டு ஓடுகிறவருக்காக, சாப்பிட்டவர் சோம்புத் தட்டில் பத்தோ இருபதோ வைத்துவிட்டுப் போகிறார். அந்தப் பணம் கல்லாவுக்குப் பக்கத்து உண்டியலில் விழ வேண்டும், முதலாளி பிரித்துக் கொடுப்பார் என்பது பல ஊர் ஓட்டல்களில் எழுதாத சட்டம். “அடுப்படியில் வேகிற மாஸ்டருக்கும் எச்சில் இலை எடுப்பவருக்கும் பங்கு வேண்டாமா? இதுதானே நியாயம்?” என்கிறோம். இது நியாயமே அல்ல.

மாஸ்டரின் உழைப்பும் இலை எடுப்பவரின் உழைப்பும் சர்வரின் உழைப்புக்கு எள்ளளவும் குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றுக்குக் கூலி தர வேண்டியவர் முதலாளி. சர்வரிடம் வாங்கி இலை எடுப்பவருக்குக் கொடுத்தால், ஓர் ஏழையின் பணத்தில் இன்னோர் ஏழையின் பற்றாக்குறை அடைபடுகிறது. தர வேண்டியவர் தப்பித்துக்கொள்கிறார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டாலும் “அதான் டிப்ஸ் வருதுல்ல” என்று வாயை அடைத்துவிடலாம்.

2016-இல் ஐடிசி நிறுவனத்தின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: டிப்ஸ் வாடிக்கையாளர் தருவது, முதலாளி தரும் சம்பளமல்ல, அவர் கை வழியாக வந்தாலும், ஊழியருக்குச் சேர்ப்பிக்க அவரை நம்பி ஒப்படைத்த பணம். பில்லில் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. கொடுப்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றால், வாங்குபவரை மட்டும் எப்படிக் கட்டாயப்படுத்தலாம்?

பங்கீட்டுக்கென்று நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. அதனால்தான் உடைந்த தட்டுக்கும் கல்லாவில் குறைந்த காசுக்கும் உண்டியலில் பிடித்தம் செய்ய வழியிருக்கிறது. ஜிபேயில் பில்லோடு சேர்த்துப் போடும் டிப்ஸ் நேராக முதலாளி கணக்குக்கே போகிறது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் டிப்ஸில் முதலாளி தனக்கென்று ஒரு காசும் பிடிக்க முடியாது. எப்படிப் பிரிக்கிறோம் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 2018-இலிருந்து முதலாளியோ மேலாளரோ ஊழியர்களின் டிப்ஸை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை.

ஊழியர்கள் தாங்களே கூடிப் பேசிப் பகிர்ந்துகொண்டால் அது அழகான தோழமை. முதலாளி ஆணையிட்டுப் பகிர்ந்தால் அது சுரண்டல். தமிழக அரசு சட்டம் கொண்டுவரட்டும்: உண்டியல் சாவி ஊழியர் கையில், கணக்கு எல்லோர் கண்ணிலும், முதலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் பங்கில்லை. இலை எடுப்பவர் மீது உண்மையிலேயே அக்கறை இருந்தால், முதலாளி அதை அவருடைய சம்பளத்தில் காட்டட்டும்.