கிடைக்காததெல்லாம் அமுதமா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். உடம்புக்கும் நல்லதில்லை, வீட்டுக்கும் நல்லதில்லை. எப்போதாவது ஒரு பெக் சாப்பிடுகிறவர்களின் சட்டைப்பையில் கைவிடுகிற ஒரு வியாபார தந்திரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறேன்.

போர்பன் என்றால் நம் ஊரில் சாக்லேட் பிஸ்கட். அமெரிக்காவில் அது விஸ்கி. மகனையோ மகளையோ பார்க்க நியூஜெர்சி, டல்லாஸ் என்று போகிறவர்கள், 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இந்த ஊர்ச் சரக்கு ஒண்ணு வாங்குவோமே' என்று கடைக்குள் நுழைந்தால் தலை சுற்றும். குடிக்கும் முன்பே! ஒரு அலமாரியில் 15 டாலர் பாட்டில். பக்கத்திலேயே 60 டாலர். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்த பாட்டிலில் போட்டிருக்கும் விலைக்கு நம் ஊரில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிவிடலாம்.

நாம் என்ன நினைப்போம்? 'பூட்டி வைத்திருக்கிறான் என்றால் விஷயம் இல்லாமலா?'

இல்லை ஸார். புதிதாக போர்பன் வாங்குகிறவர் பயப்பட வேண்டியது மலிவான பாட்டிலைப் பார்த்து அல்ல, 'சுலபத்தில் கிடைக்காது' என்று சொல்லி விற்கப்படும் பாட்டிலைப் பார்த்துத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். போர்பன் என்று லேபிளில் போட அமெரிக்காவில் கறாரான சட்டம் இருக்கிறது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புத்தம்புதிய ஓக் மரப் பீப்பாயில் ஊற வேண்டும். நிறமோ மணமோ வெளியிலிருந்து ஒரு சொட்டு சேர்க்கக் கூடாது. பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் இருக்க வேண்டும். 15 டாலர் பாட்டிலுக்கும் இதே சட்டம்தான், பூட்டி வைத்த பாட்டிலுக்கும் இதே சட்டம்தான். நம் ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி வெல்லப்பாகுக் கழிவிலிருந்து எடுத்த ஸ்பிரிட் கலந்தது. அதைக் குடித்துப் பழகிய நாக்குக்கு, அமெரிக்காவின் சாதா போர்பனே ஒரு படி மேல்.

அடுத்த சமாசாரம் இன்னும் சுவாரஸ்யம். கென்டக்கி மாநிலத்தில் பஃபலோ ட்ரேஸ் என்று ஓர் ஆலை. பென்ச்மார்க், பஃபலோ ட்ரேஸ், ஈகிள் ரேர் மூன்றும் அங்கேதான் தயாராகின்றன. ஒரே தானியக் கலவையிலிருந்து! மலிவான ஜிம் பீமுக்கும் விலை கூடிய நாப் க்ரீக், புக்கர்ஸ் இரண்டுக்கும் கலவை ஒன்றுதான். ஹெவன் ஹில் ஆலையின் ஈவன் வில்லியம்ஸும் எலைஜா க்ரெய்க்கும் அப்படியே. வித்தியாசம் எங்கே வருகிறது? எத்தனை வருடம் ஊறியது, கிடங்கில் எந்த மாடியில் பீப்பாய் இருந்தது, எந்தப் பீப்பாயைத் தேர்ந்தெடுத்தார்கள், எவ்வளவு தண்ணீர் சேர்த்தார்கள் என்பதில். அதுவும் உழைப்புதான். அதற்குப் பத்து, இருபது டாலர் கூடக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால், ஆயிரம் டாலர்?

பாப்பி வான் விங்கிள் என்று ஒரு பெயர். நிறுவனமே சொல்லும் விலை சில நூறு டாலர்தான். அந்த விலைக்கு யாருக்கும் கிடைக்காது. கைமாறும் இடத்தில் ஆயிரக்கணக்கில் போகிறது. 2013-ல் ஆலையிலிருந்தே பெட்டி பெட்டியாகத் திருடு போய், 2015-ல் ஒன்பது பேர் மீது குற்றச்சாட்டு பதிவாகிற அளவுக்குப் போனது மோகம். அதே தானியக் கலவையில் அதே ஆலையில் தயாராவது வெல்லர். 'ஏழைகளின் பாப்பி' என்று யாரோ சொல்லப்போக, ஜனங்கள் அதன் மேல் பாய்ந்தார்கள். விளைவு? வெல்லரும் ஏழைக்கு இல்லை என்று ஆகிவிட்டது! சரக்கு மாறவில்லை ஸார், வதந்திதான் மாறியது.

இன்னொரு கூத்து, பிளான்டன்ஸ். பாட்டில் மூடியில் குதிரைப் பந்தய வீரன் பொம்மை. எட்டு விதமான பொம்மைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. எட்டையும் வரிசையாக வைத்தால் பெயர் வரும். அதற்காக அலைகிறார்கள். சின்ன வயதில் நாம் தீப்பெட்டிப் படம் சேர்த்தோமே, அதே வியாதிதான். நமக்குத் தீப்பெட்டி காலணாவில் முடிந்தது.

'பழசானால்தானே விஸ்கி உசத்தி?' என்று கேட்பீர்கள். அது ஸ்காட்லாந்தில் கற்ற பாடம். அங்கே குளிர், பீப்பாயும் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்தியது. மரத்தின் சாரம் மெதுவாக இறங்கும். கென்டக்கியில் கோடை கொளுத்தும். பீப்பாயோ புதுசு. நாலிலிருந்து எட்டு வருடத்தில் சரக்கு பக்குவத்துக்கு வந்துவிடும். ரொம்ப நாள் விட்டால் பல பீப்பாய்களில் மரக்கட்டையைச் சப்புகிற மாதிரி துவர்ப்பு தட்டும். ஊறுகாயும் ஊற வேண்டியதுதான். அதற்காக இருபது வருடமா?

சரி, எதைப் பார்த்து வாங்குவது? லேபிளில் தாத்தாவின் ரகசியச் செய்முறை, பாட்டியின் நீரூற்று என்று பெரிய எழுத்தில் இருக்கும் கதையை விடுங்கள். பொடி எழுத்தைப் படியுங்கள். தாத்தா கதை சொல்லும் பல பாட்டில்களின் பின்பக்கம் 'இண்டியானாவில் வடித்தது' என்று இருக்கும். லாரன்ஸ்பர்க் என்ற ஊரில் உள்ள ஒரு பெரிய ஆலை பல பிராண்டுகளுக்கு மொத்தமாகச் சப்ளை செய்கிறது. சரக்கில் குறையில்லை. இல்லாத தாத்தாவுக்கு நாம் ஏன் முப்பது டாலர் தட்சணை வைக்க வேண்டும்?

பொடி எழுத்தில் இரண்டு வார்த்தைகளைத் தேடுங்கள். ஒன்று 'ஸ்ட்ரெய்ட்'. குறைந்தது இரண்டு வருடம் ஊறியது. நாலு வருடத்துக்குக் குறைவு என்றால் வயதைக் கட்டாயம் அச்சிட வேண்டும். இன்னொன்று 'பாட்டில்ட் இன் பாண்ட்'. இது 1897-ல் வந்த சட்டம். அதற்கு முன்பு வெறும் ஸ்பிரிட்டில் புகையிலை, அயோடின் என்று எதையெதையோ கலந்து விஸ்கி என்று விற்றார்கள். அந்த அக்கிரமத்தைத் தடுக்கக் கொண்டுவந்தது. ஒரே ஆலை, ஒரே பருவம், அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் நாலு வருடம், சரியாக 50 சதவீத ஆல்கஹால். ஏழைக் குடிமகனுக்கு அரசாங்கம் போட்டுக்கொடுத்த முத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் இந்த முத்திரையோடு 20 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. கொஞ்சம் காரம் வேண்டுமா, வைல்ட் டர்க்கி 101. இனிப்பாக, மென்மையாக வேண்டுமா, கோதுமை சேர்த்த மேக்கர்ஸ் மார்க். ஊருக்கு ஊர் விலை மாறும். மூன்றுமே முப்பது டாலருக்குள்ளோ, அதை ஒட்டியோதான். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மெதுவாக, கொஞ்சமாகக் குடியுங்கள். வண்டி ஓட்டாதீர்கள்.

நம் ஊரில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரியில் இந்தியா போர்பனுக்கான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 ஆகக் குறைத்தது. குறைத்த பிறகே நூறு! அதற்கு மேல் மாநில வரி. அங்கே கீழ்த்தட்டில் கிடக்கும் பாட்டில், கடல் தாண்டியதும் ராஜா வேஷம் கட்டிக்கொள்கிறது. அந்த விலை வரியின் உயரம், தரத்தின் உயரமல்ல.

பஞ்சம் என்பதே கதை என்பதற்கு ஒரு கணக்கு. 2025 தொடக்கத்தில் கென்டக்கிக் கிடங்குகளில் ஊறிக்கொண்டிருந்த பீப்பாய்கள் 1.6 கோடி. அந்த மாநிலத்தின் ஜனத்தொகை அரைக் கோடிகூட இல்லை. தேங்கிப்போய், ஜிம் பீம் தன் முதன்மை ஆலையில் 2026-ல் வடிப்பதையே நிறுத்திவைப்பதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இவ்வளவு சரக்கை வைத்துக்கொண்டு 'ஸ்டாக் இல்லை ஸார், உங்களுக்காக ஒண்ணே ஒண்ணு' என்கிறார்களே, அதைத்தான் சகிக்கமுடியவில்லை.

வாங்குகிறவன் வாயைத் திறந்தால் நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2013 பிப்ரவரியில் மேக்கர்ஸ் மார்க், தட்டுப்பாட்டைச் சமாளிக்கத் தன் சரக்கை 45 சதவீதத்திலிருந்து 42 ஆக நீர்க்கச் செய்யப்போவதாக அறிவித்தது. குடிக்கிறவர்கள் கொதித்தார்கள். ஒரே வாரம். நிறுவனம் பின்வாங்கியது. அவர்கள் யாரும் சேகரிப்பாளர்கள் அல்ல, சாதா பாட்டில் வாங்குகிற சாதா ஜனங்கள்.

எனவே, கல்லாவில் இருப்பவர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி 'இது எல்லோருக்கும் கிடைக்காது' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், நீங்கள் குரலைத் தாழ்த்தாமலே கேளுங்கள்: 'எல்லோருக்கும் கிடைப்பது எந்த அலமாரியில் இருக்கிறது?'