ஓடுவதும் ஓட்டுவதும்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில் ‘ரன்’ என்ற ஒரே வினைச்சொல்லோடு பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். கடைசியில் அவர் பிரித்து வைத்த பொருள்கள் 645. காலால் ஓடுவதற்குப் போக மற்ற இடமெல்லாம் ஆறும் சாலையும், இயந்திரமும் ரயிலும், தேர்தல் வேட்பாளரும், கணினி நிரலும் பிடித்துக்கொண்டவை.

நேர்ப்பொருள் எளிது, உருவகப் பொருள்தான் மொழிபெயர்ப்பாளருக்குக் கண்ணி என்று பட்டறைகளில் சொல்லித் தருகிறோம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. படிமம் அந்நியமாக இருக்கும் இடத்தில் யாரும் தவறுவதில்லை. ஆங்கிலத்தில் காய்ச்சலுக்கும் ‘ரன்’தான், அதற்காகக் ‘காய்ச்சல் ஓடுகிறது’ என்று எழுதியவரை நாம் பார்த்ததில்லை. மூக்கு ஒழுகும், சாயம் போகும், காய்ச்சல் அடிக்கும் என்பது தானாகவே கைக்கு வந்துவிடும். தமிழும் சேர்ந்து ஓடும் இடத்தில்தான் வழுக்குகிறோம். படம் நூறு நாள் ஓடுகிறது, மெஷின் ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது. இவ்வளவு ஒத்துப்போனபின் எல்லா இடத்திலும் ஓடும் என்ற தைரியம் வந்துவிடுகிறது.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: ‘ஹி ரன்ஸ் எ ஷாப் இன் மதுரை.’ இதை ‘மதுரையில் கடை ஓட்டுகிறார்’ என்று எழுதினால் இலக்கணத்தில் பிழை இல்லை. ஓடுவதை ஓடச் செய்வது ஓட்டுவது, அவ்வளவுதான். ஆனால் தமிழ்க் காது அதை வேறு மாதிரி கேட்கும். ‘ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்பது வாடகை பாக்கி வைத்திருப்பவர் பேச்சு. கடையை ‘நடத்துகிறார்’ என்றால் அந்தச் சலிப்பு போய்விடும். ‘வைத்திருக்கிறார்’ என்றால் முதலாளி ஆகிவிடுவார். ‘பார்த்துக்கொள்கிறார்’ என்றால் மாமனார் கடையாகவும் இருக்கலாம். ஆங்கில வினை முதலாளியா, சம்பளக்காரரா என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. தமிழில் எழுதுபவருக்கு அது தெரிந்தாக வேண்டும். பத்தியை இன்னொரு முறை படிக்காமல் தெரியாது. (இதே துணிச்சலில் ‘குழுவை ஓட்டுகிறார்’ என்று எழுதினால், அவர் எல்லோரையும் கேலி செய்கிறார் என்றுதான் கல்லூரி மாணவர்கள் படிப்பார்கள்.)

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ‘கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை’ என்று நமக்கு ஒரு வழக்கு உண்டு. ‘ஒன்றும் ஓடவில்லை’ என்பதும் அன்றாடப் பேச்சு. ஆங்கில மூலத்தில் இந்த இடங்களில் ‘ரன்’ இருக்காது. ஆகவே மொழிபெயர்ப்பில் பாத்திரங்கள் ‘செய்வதறியாது திகைக்கிறார்கள்’, பக்கத்துக்குப் பக்கம். மூலச் சொல் கூப்பிட்டால்தான் தமிழ்ச் சொல் வரும் என்று ஆகிவிட்டால், கூப்பிடப்படாதவை அப்படியே கிடந்துபோகும்.

அகராதிகளுக்கும் இதில் பங்குண்டு. பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987இல் வந்த கோபில்ட் அகராதி, சொல்லுக்கு விளக்கத்தையே முழு வாக்கியமாகத் தந்தது. எது எதை ஓட்டும் என்று அதில் தெரியும். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, வழக்கிலிருக்கும் தமிழை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு காட்டியது. நம் மேசையிலுள்ள ஆங்கில–தமிழ் அகராதிகளோ பெரும்பாலும் காற்புள்ளி போட்டு அடுக்கிய சொற்களோடு நின்றுவிடுகின்றன. ஓடு, நடத்து, இயக்கு, செலுத்து என்று வரிசையாக இருக்கும். எந்த எழுவாயோடு எது சேரும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஊகங்களைச் சேர்த்து வைத்தால் நாளை ஒரு அகராதிக்கே மூலப்பொருள் ஆகும். அடுத்த இதழிலிருந்து இதற்கென இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். மொழிபெயர்க்கும்போது உங்களை நிறுத்திவைத்த ஆங்கில வினையையும், நீங்கள் கடைசியில் எழுதிய தமிழையும், எழுதி அடித்ததையும் சேர்த்து அனுப்புங்கள். முழு வாக்கியமாக இருக்கட்டும். தனிச்சொல்லாக வருபவற்றைப் போட மாட்டோம்.